தலைக்கு நேர் மேலே மூன்று கேலக்ஸிகள்: சாதாரண கேமராவில் சிம்ம மூவரைப் படமெடுக்கும் முழு வழிகாட்டி

கேலக்ஸி படமெடுக்க ஆசைப்படுபவர்களிடம் எல்லோரும் சொல்வது ஆண்ட்ரோமீடாவில் தொடங்கு என்றுதான். 25 லட்சம் ஒளியாண்டு தூரம், வானத்தில் முழு நிலாவைப் போல ஆறு மடங்கு நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும் வெளிச்சம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு அது சரியான யோசனை. நமக்கு அது ராத்திரி முழுக்க நன்றாகத் தெரியும் மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். ‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இரண்டு வருஷம் நான் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வானிலைச் செயலியைப் பார்த்தே அந்த மாதங்களை ஓட்டினேன்.

மூன்றாவது வருஷம்தான் புத்தி வந்தது. தமிழ்நாட்டு வானத்துக்கு என்றே அமைந்த கேலக்ஸிகள் மாசி, பங்குனியில் வருகின்றன. சிம்ம ராசியில் எம்65, எம்66, என்ஜிசி 3628 என்று பட்டியல் எண்களே பெயராக மூன்று கேலக்ஸிகள் ஒரு டிகிரிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். ‘லியோ ட்ரிப்லெட்’ என்பார்கள். நான் சிம்ம மூவர் என்கிறேன். மூன்றும் வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோட்டுக்கு, 13 டிகிரி வடக்கே இருக்கின்றன. சென்னையின் அட்சரேகை 13, ஜவ்வாது மலையினுடையது பன்னிரண்டரை. அதாவது இவை நம் தலைக்கு நேர் மேலே, உச்சிக்கு சுமார் ஒரு டிகிரிக்குள் கடந்து போகும். லண்டன்காரருக்கு இவை வானத்தில் பாதி உயரம்தான் வரும். வெளிச்சம் மிக மெல்லிய காற்றுப் படலத்தைக் கடந்து வருவது உச்சியில்தான். தூசி, புகைமூட்டம், ஊர் வெளிச்சம் எல்லாம் மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். காசு கொடுத்தாலும் கிடைக்காத வசதி இது.

அடையாளம் வேண்டுமா? பங்குனி உத்திரத்தன்று பௌர்ணமி நிலா உத்திர நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்து கொஞ்சம் மேற்கே பூரம். அதன் இரண்டு நட்சத்திரங்களில் தெற்கே இருப்பதுதான் தீட்டா லியோனிஸ். அதற்குத் தெற்கே இரண்டரை டிகிரி இறங்கினால் நம் மூவர். உத்திரத்தன்று நிலா அந்தப் பகுதியையே கழுவிவிடும். நாம் போவது மாசி அமாவாசைக்கும் பங்குனி அமாவாசைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய டெலஸ்கோப் இருந்தால்தான் கேலக்ஸி கிடைக்கும் என்பது தப்பான எண்ணம். இந்தப் படத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: வானம் சுழலும் வேகத்தோடு கேமராவைத் துல்லியமாகச் சுழற்றும் மவுண்ட், ஒரே இடத்தில் பொறுமையாகச் சேர்த்த மணி நேரங்கள்.

சாமான்கள்

கேமராவில் தொடங்கலாம். லென்ஸ் கழற்றக்கூடிய எந்த டிஎஸ்எல்ஆரும், மிரர்லெஸ்ஸும் போதும். நான் வைத்திருப்பது பழைய கேனான் 700டி. 18 மெகாபிக்சல், ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். நெபுலா என்ற வாயு மேகங்களை எடுப்பவர்கள் கேமராவைத் திறந்து உள்ளே இருக்கும், சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டியை மாற்றுவார்கள். கேலக்ஸிக்கு அது கட்டாயம் இல்லை. கேலக்ஸியின் ஒளி பெரும்பாலும் நட்சத்திர ஒளி, எல்லா நிறமும் கலந்தது. அதனால்தான் ஊர் வெளிச்சத்தை வெட்டும் குறுகிய அலைவரிசை ஃபில்டர்களும் இங்கே உதவுவதில்லை. ‘இந்த ஃபில்டர் போட்டால் மாடியிலிருந்தே கேலக்ஸி’ என்று யாராவது விற்க வந்தால் அந்தக் காசை பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டெலஸ்கோப்பில் இரண்டு நல்ல தேர்வுகள். ஒன்று 80 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப், குவியத் தூரம் 400 முதல் 500 மி.மீ. இன்னொன்று 150 மி.மீ. எஃப்/5 நியூட்டோனியன், அதாவது கண்ணாடி வைத்த டெலஸ்கோப், குவியத் தூரம் 750 மி.மீ. இரண்டாவதோடு என் கேமராவைப் பூட்டினால் படத்தின் அகலம் 1.7 டிகிரி, உயரம் 1.1 டிகிரி, மூவரும் தாராளமாக அடங்குவார்கள். ஒரு பிக்சலுக்கு 1.18 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்) விழும். நம் ஊர்க் காற்றின் நடுக்கத்துக்கு அதைவிட நுணுக்கம் வீண்.

நியூட்டோனியன் வாங்குபவர்களுக்கு ஒரு பள்ளம் காத்திருக்கிறது. கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த மாடல்களில் கேமராவை மாட்டினால் ஃபோகஸே வராது. ஃபோகஸர் முழுக்க உள்ளே போன பிறகும் இன்னும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டியிருக்கும். புகைப்படத்துக்கென்று செய்த மாடலா என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டால், அடியில் இருக்கும் முதன்மைக் கண்ணாடியை நீளமான போல்ட் போட்டு மேலே ஏற்றலாம். நான் அப்படித்தான் செய்தேன், பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே போல்ட் தேடிக் கொடுத்தார். கூடவே கோமா கரெக்டர் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் ஓரத்து நட்சத்திரங்கள் எல்லாம் வால் முளைத்து நடுவைப் பார்த்து நிற்கும். பெரும்பாலான கரெக்டர்களும், லென்ஸ் டெலஸ்கோப்பில் அதே வேலையைச் செய்யும் ஃப்ளாட்னர்களும் தங்களிடமிருந்து சென்சார் வரை 55 மி.மீ. இடைவெளி கேட்கும். கேனான் கேமராவுக்குள் 44, கேமராவை டெலஸ்கோப்போடு பூட்டும் டி ரிங் 11. கூட்டினால் சரியாக 55.

இனி மவுண்ட். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் இதற்குப் போகட்டும். ஒரு சின்னக் கணக்கு போட்டால் காரணம் புரியும். வானம் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. 750 மி.மீ. குவியத் தூரத்தில் என் சென்சாரில் அது வினாடிக்கு 12 பிக்சலுக்கு மேல். நாம் எடுக்கப்போவது 120 வினாடி எக்ஸ்போஷர். அந்த இரண்டு நிமிஷமும் நட்சத்திரம் ஒரே பிக்சலில் உட்கார வேண்டும் என்றால் பூமியின் அச்சுக்கு இணையான அச்சில், 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழலும் மவுண்ட் தேவை. இதைத்தான் ஈக்வடோரியல் மவுண்ட் என்கிறோம். கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் இதற்கு ஆகாது. இலக்கைத் தானே தேடிப் போகும் கோ-டு வசதியுள்ள, மேல்-கீழ், இடம்-வலம் என்று மட்டும் திரும்பும் ஆல்ட்-அஸ் மவுண்டும் நீண்ட எக்ஸ்போஷருக்குச் சரிப்படாது. அது இலக்கைப் பின்தொடரும், ஆனால் படம் மெல்லத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும், உச்சிக்குப் பக்கத்தில் இன்னும் வேகமாக.

மவுண்ட் தாங்கும் என்று கம்பெனி அச்சடித்திருக்கும் எடையில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்குதான் படமெடுக்க உதவும். மீதி எல்லாம் கண்ணால் பார்க்க.

கையிருப்பு குறைவு என்றால் டெலஸ்கோப்பே வேண்டாம். ஸ்டார் அட்வென்ச்சரர் போன்ற சின்ன ட்ராக்கரும் (கேமராவுக்கான குட்டி மவுண்ட்) 200 மி.மீ. லென்ஸும் போதும். மூவரும் சின்னச் சின்ன இழைகளாகத்தான் வருவார்கள், ஆனால் எது பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது என்று நன்றாகத் தெரியும்.

சில்லறைச் சாமான்கள்: வரிசையாகத் தானே படமெடுக்க வைக்கும் இன்டர்வலோமீட்டர், 12 வோல்ட் பேட்டரி, கேமராவுக்குப் போலி பேட்டரி அடாப்டர், சிவப்பு விளக்கு, ரசமட்டம், மவுண்ட் நழுவுகிறதா என்று கண்காணிக்கும் கைடு கேமராவும் அதற்கொரு குட்டி டெலஸ்கோப்பும், பழைய லேப்டாப். கொசுவத்தி மறக்காதீர்கள்.

நாளும் இடமும்

நாள் குறிக்க வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாள். மார்ச் நடுவில் மூவர் உச்சிக்கு வருவது நள்ளிரவு 12 மணிக்கு. நாளுக்கு நாலு நிமிஷம் முந்தும். ஏப்ரல் நடுவில் 10 மணிக்கே உச்சி. உச்சிக்கு வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பு தொடங்கி மூன்று மணி நேரம் பின்பு வரை நல்ல நேரம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஊரைப் போட்டு, கேமரா, டெலஸ்கோப் அளவுகளைக் கொடுத்தால் அந்த ராத்திரி படம் எப்படி அடங்கும் என்பதைச் சட்டமாகவே காட்டும்.

இடம் என்றால் எனக்கு ஜவ்வாது மலைப் பக்கம். இந்தியாவின் பெரிய வானாய்வுக்கூடங்களில் ஒன்று காவலூரில் அமைந்தது சும்மா இல்லை. வானியலாளர் வைணு பாப்பு பெயர் தாங்கிய 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986இலிருந்து அங்கே இயங்குகிறது. அதன் பக்கத்தில் போய் ஹெட்லைட் அடித்து அவர்கள் வேலையைக் கெடுக்காதீர்கள். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவும் வேண்டாம். தெரிந்தவர் நிலம், பள்ளிக்கூட மைதானம், மலைக்கிராமத்து மொட்டை மாடி, இவைதான் தலைவலி இல்லாத இடங்கள். முதல் முறை போகும்போது பகலிலேயே போய் நிலத்துக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் சொல்லாமல் போய், ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சோடு வந்த ஒரு பெரியவரிடம் மாட்டினேன். “இன்னா தம்பி, ரோடு போடப் போறாங்களா? சர்வே எடுக்குறியா?” என்றார். மவுண்டும் ட்ரைபாடும் அவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. “இல்லீங்க ஐயா, நட்சத்திரத்தப் போட்டோ புடிக்கிறேன்” என்று அப்போதுதான் முடிந்த இரண்டு நிமிஷப் படத்தைக் கேமரா திரையில் காட்டினேன். “மூணு பூச்சி மாதிரி கீது. எங்க கீது இது?” தலைக்கு மேலே கையைக் காட்டினேன். கழுத்தை வளைத்து வெகு நேரம் பார்த்தார். “ஒண்ணும் காணோமே.” கண்ணுக்குத் தெரியாது, கேமரா கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கும், ராத்திரி முழுக்கச் சேர்த்தால்தான் படம் என்றேன். “ஓ, சீட்டு கட்டுற மாதிரி” என்று சொல்லிவிட்டு, டார்ச்சை அணைத்துக்கொண்டு போனார். இந்தத் தொழிலை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

பகலில் ஒத்திகை

வெளிச்சத்தில் எல்லாவற்றையும் ஒரு முறை பூட்டிப் பாருங்கள். உச்சியைப் பார்த்து டெலஸ்கோப்பைத் திருப்பினால் கேமராவோ குழாயின் அடியோ ட்ரைபாட் காலில் இடிக்கிறதா? நமக்கு இலக்கு போவது சரியாக அந்த இடம் வழியாகத்தான், அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. இடித்தால் மவுண்டுக்கும் ட்ரைபாடுக்கும் நடுவே 20 செ.மீ. நீட்டுக் குழாய் ஒன்று போடலாம், அல்லது குழாயை வளையத்தில் முன்னே தள்ளலாம்.

இன்னொரு தொல்லை நம் அட்சரேகையால் வருவது. மவுண்டின் அச்சு துருவத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் துருவம் அடிவானத்துக்கு வெறும் 12, 13 டிகிரி மேலே. மதுரையில் பத்துகூட இல்லை. பல மவுண்டுகள் 40, 50 டிகிரியில் இருக்கும் ஊர்களை மனதில் வைத்துச் செய்தவை. வாங்கும் முன் எந்த டிகிரி வரை இறங்கும் என்று கேளுங்கள். இறங்கினாலும், அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால் எதிரெடை மாட்டும் கம்பி நேர் கீழே வந்து ட்ரைபாட் காலில் முட்டும். மொத்த எடையும் உயரத்தைச் சரிசெய்யும் போல்ட்டின் மேல் சாயும். அதைத் திருகும்போது ஒரு கையால் மவுண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். வளைந்த போல்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

துருவ ஒழுங்கு

ட்ரைபாடை ரசமட்டம் வைத்து நேராக்கி, மவுண்டை வடக்கே திருப்பி, உயர அளவைச் சொந்த அட்சரேகையில் வையுங்கள். வடக்குக்கு செல்போன் திசைகாட்டி போதும். தொடக்கத்துக்கு அந்தத் துல்லியம் தாங்கும்.

அடுத்து எல்லா வழிகாட்டிகளும் துருவ நட்சத்திரத்தை, மவுண்டின் அச்சுக்குள் இருக்கும் குட்டித் தொலைநோக்கியான துருவ ஸ்கோப்பில் பார்த்து வட்டத்தில் நிறுத்தச் சொல்லும். நம் ஊரில் அந்த நட்சத்திரம் தென்னை மரத்துக்குப் பின்னாலோ, மலைக்குப் பின்னாலோ, அடிவானத்துப் புழுதியிலோ இருக்கும். தெரிந்தால் நல்லது, அது உண்மையான துருவத்திலிருந்து ஒரு டிகிரிக்குள்தான். தெரியாவிட்டால் இரண்டு வழி.

ஒன்று, பழைய டிரிஃப்ட் முறை. தெற்கே, உச்சிக்கோட்டுக்கு (வடக்கிலிருந்து உச்சி வழியே தெற்குக்குப் போகும் கோடு) பக்கத்தில், வான நடுக்கோட்டருகே ஒரு நட்சத்திரத்தைத் திரையின் நடுவில் வைத்து ஐந்து நிமிஷம் கவனிக்க வேண்டும். வடக்கு-தெற்காக நழுவினால் மவுண்ட் கிழக்கு-மேற்கில் தப்பாகத் திரும்பியிருக்கிறது. நழுவல் குறையும் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி பார்க்கவும். பிறகு கிழக்கே தாழ்வாக ஒரு நட்சத்திரத்தில் இதையே செய்தால் உயரக் கோணம் சரியாகும். முக்கால் மணி நேரம் ஆகும், ஆனால் எந்த மென்பொருளும் வேண்டாம். இன்னொன்று, லேப்டாப் இருந்தால் நினா என்ற இலவச மென்பொருளின் மூன்று புள்ளி முறை. வானத்தில் எங்கே வேண்டுமானாலும் மூன்று படம் எடுத்து, மவுண்டின் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். துருவ நட்சத்திரமே தேவையில்லை. தென்னந்தோப்புக்காரர்களுக்கு வரப்பிரசாதம்.

ஃபோகஸ்

மக நட்சத்திரத்துக்கு டெலஸ்கோப்பைத் திருப்புங்கள், நல்ல வெளிச்சமானது, இலக்குக்கும் பக்கம். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, முன்னால் பாக்டினோவ் மாஸ்க் என்ற கோடு கோடாக வெட்டிய மூடியை மாட்டுங்கள். கறுப்பு அட்டையில் கட்டம் வரைந்து பிளேடால் வெட்டினால் ஒரு மணி நேரத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். நட்சத்திரத்திலிருந்து மூன்று ஒளிக்கீற்றுகள் கிளம்பும்; இரண்டு ஒன்றையொன்று வெட்டிப் பெருக்கல் குறியாகும், மூன்றாவது அந்த வெட்டின் நடுவில் சரியாக விழும்போது ஃபோகஸ். விழுந்ததும் மாஸ்க்கை எடுத்துவிட வேண்டும். சிரிக்காதீர்கள், அதோடே படமெடுத்தவர்கள் உண்டு.

பிறகு ஃபோகஸரின் பூட்டுத் திருகை இறுக்குங்கள். நான் 80 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப் வைத்திருந்த காலத்தில் இதை விட்டுவிட்டேன். உச்சியைப் பார்க்கும்போது கேமரா நேர் கீழே தொங்கும். அதன் எடை ஃபோகஸர் குழாயை மயிரிழை மயிரிழையாக இழுத்திருக்கிறது. முதல் படத்தில் ஊசிமுனையாக இருந்த நட்சத்திரங்கள் ஒன்றரை மணி நேரத்தில் அரிசிப்பொரி போலப் பொரிந்திருந்தன. நான் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தேன். இப்போது மணிக்கொரு முறை படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ராத்திரி குளிர் ஏற ஏற இரும்புக் குழாயும் சுருங்கும், அதனாலும் ஃபோகஸ் நகரும்.

கேமரா அமைப்புகள்

ரா வடிவத்தில் மட்டும் எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. நம் கேலக்ஸியின் கைகள் வானப் பின்னணியைவிட ஒரு துளிதான் பிரகாசம்; 256 படியில் அந்தத் துளி காணாமல் போகும். ஐஎஸ்ஓ 800 அல்லது 1600. மேலே ஏற்றினால் வெளிச்சம் கூடாது, நட்சத்திரங்களின் நிறம்தான் வெளுக்கும். நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே நேரம் இருட்டுப் படம் எடுத்துப் பாதி ராத்திரியை அது தின்றுவிடும். ஷட்டரை வேண்டிய நேரம் திறந்து வைக்கும் பல்ப் முறையில் எடுங்கள். நடுக்கம் தடுக்கும் வசதி எதுவும் வேண்டாம், வொயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சம்.

எக்ஸ்போஷர் எவ்வளவு? ஒரு படம் எடுத்து, இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம் என்று கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். மலைபோல் எழும் முகடு இடது சுவரை விட்டு விலகி, கால் பங்கு தூரத்தில் நிற்க வேண்டும். மலைக்கிராமத்தில் எஃப்/5க்கு எனக்கு 120 வினாடி. சென்னை மாடியில் 30 வினாடியிலேயே அங்கே போய்விடும். இதற்கு மேல் ஒரு படத்தின் நீளம் பெரிதாக முக்கியமில்லை, மொத்த நேரம்தான் முக்கியம்.

காரணம் இது. கேலக்ஸியின் ஒளி படத்துக்குப் படம் அதே இடத்தில் விழுகிறது. இரைச்சல் ஒவ்வொன்றிலும் வேறு வேறாக விழுகிறது. நூறு படத்தைக் கூட்டினால் ஒளி நூறு மடங்கு, இரைச்சல் பத்து மடங்குதான். நாலு மடங்கு படம் எடுத்தால் இரண்டு மடங்கு சுத்தம். முதல் ஒரு மணி நேரம் பெரிய மாற்றத்தைக் காட்டும், அதன் பிறகு ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். குறைந்தது மூன்று மணி நேரம், அதாவது 120 வினாடிப் படங்கள் 90, என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1888இல் ஐசக் ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் அமெச்சூர், கட்டடத் தொழிலில் சம்பாதித்தவர், 20 அங்குல டெலஸ்கோப்பில் கண்ணாடித் தகட்டை வைத்து ஆண்ட்ரோமீடாவின் சுருள் வடிவத்தை முதன்முதலில் படமாகக் காட்டினார். அவருக்கும் மணிக்கணக்கில் ஒரே இடத்தைப் பின்தொடர்வதுதான் வேலை. அவர் எடுத்தது இன்னொரு கேலக்ஸி என்று அப்போது அவருக்கே தெரியாது.

ராத்திரி ஓட்டம்

தீட்டா லியோனிஸைத் திரையின் நடுவில் வைத்து, தெற்கே இரண்டரை டிகிரி இறங்கி, 20 வினாடி சோதனைப் படம் எடுங்கள். மங்கலான மூன்று தீற்றல்கள் தெரிந்தால் வந்துவிட்டீர்கள். முக்கோணம் சட்டத்தின் நடுவில் உட்காரும் வரை கேமராவைச் சுழற்றிச் சரிசெய்யுங்கள்.

கைடிங்கைப் பிஎச்டி2 பார்த்துக்கொள்ளும், இதுவும் இலவசம். குட்டி டெலஸ்கோப்பில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, நழுவினால் மவுண்டுக்குத் தட்டு கொடுக்கும். மொத்தப் பிழை ஒரு ஆர்க்செகண்டுக்குள் இருந்தால் மேலே சொன்ன கணக்கில் அது ஒரு பிக்சலுக்குள். தமிழ்நாட்டுக் காற்றில் 0.8 வந்தால் நான் கை வைக்காமல் விட்டுவிடுவேன். வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் படமெடுப்பதில்லை.

டித்தரிங் என்று ஒரு வசதி இருக்கும், அதைக் கட்டாயம் போடுங்கள். சில படங்களுக்கு ஒரு முறை டெலஸ்கோப்பைச் சில பிக்சல் வேண்டுமென்றே நகர்த்தும். குளிரூட்டி இல்லாத கேமராவுக்கு, அதுவும் நம் ஊர் வெக்கையில், இது உயிர்நாடி. சென்சாரின் வெப்ப இரைச்சல் சுமார் ஆறு டிகிரிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். பங்குனியில் ராத்திரியே 25 டிகிரி இருக்கும். கேமராவுக்குள் அதைவிடக் கூடுதல். டித்தர் செய்யாமல் கூட்டினால் படம் முழுக்கச் சாரல் அடித்ததுபோலச் சாய்ந்த கோடுகள் வரும், எந்த மென்பொருளாலும் துடைக்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் கேமராவுக்குப் பத்து வினாடி ஓய்வும் கொடுக்கலாம்.

இலக்கு உச்சிக்கோட்டைத் தாண்டியதும் மவுண்டை மறுபக்கம் புரட்ட வேண்டும். மெரிடியன் ஃப்ளிப் என்பது இதுதான். தானாகச் செய்யும் மென்பொருள் இருந்தாலும் முதல் சில தடவை பக்கத்தில் நின்று, கேபிள் எங்கும் சிக்கவில்லை என்று பார்த்துச் செய்யுங்கள். மறுபக்கம் படம் தலைகீழாக இருக்கும். கூட்டும் மென்பொருள் திருப்பிக்கொள்ளும். மலையில் பின்னிரவில் பனி இறங்கும். யோகா பாயில் ஒரு துண்டை வெட்டிக் குழாய் முனையில் சுற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கிளம்பும் முன் எடுக்க வேண்டியவை

களைத்துப்போய் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். டெலஸ்கோப்பை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே 120 வினாடியில் 20 படம்: இவை டார்க். அந்த ராத்திரியின் வெப்பத்திலேயே எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஏசி அறையில் எடுத்தால் பொருந்தாது. அடுத்தது ஃப்ளாட்: விடியற்காலை வானத்தைப் பார்த்துக் குழாய் முனையில் வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி, ஹிஸ்டோகிராம் நடுவில் வரும்படி 25 படம். லென்ஸ் தூசியும் ஓரத்து இருட்டும் இதனால்தான் போகும். ஃபோகஸும் கேமராவின் கோணமும் மாறாமல் இருக்க வேண்டும், கழற்றி மாட்டிவிட்டு எடுத்த ஃப்ளாட் குப்பைதான். கடைசியாக, மூடியை மாட்டி மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் 50 படம்: பயாஸ். ஐந்து நிமிஷ வேலை.

கணினியில்

சிரில் என்ற இலவச மென்பொருளை நான் சிபாரிசு செய்வேன். வின்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். கேலக்ஸிப் படங்கள், டார்க், ஃப்ளாட், பயாஸ் என்ற நான்கு வகைப் படங்களையும் அது கேட்கும் பெயரில் நான்கு ஃபோல்டரில் போட்டு, வண்ணக் கேமராவுக்கான ஸ்கிரிப்டை ஓட்டினால் திருத்துவது, அடுக்குவது, கூட்டுவது எல்லாம் தானாக நடக்கும். அதற்கு முன் 90 படங்களையும் ஒரு ஓட்டம் பார்த்து மேகம் வந்தது, காற்றில் ஆடியது எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள். ஒரு படத்தில் விமானக் கோடு இருந்தால் பரவாயில்லை, கூட்டும்போது அது தானாக விலகிவிடும்.

முடிவில் வருவது கிட்டத்தட்ட முழுக்கறுப்புப் படம். பயந்துவிடாதீர்கள். எல்லாத் தகவலும் அடியில் ஒரு மெல்லிய பட்டைக்குள் அமுங்கியிருக்கிறது. அந்தப் பட்டையை விரித்து வெளிச்சமாக்குவதுதான் ஸ்ட்ரெட்ச். சிரிலின் ஆட்டோஸ்ட்ரெட்ச் பார்வையைத் தட்டுங்கள். மூவரும் எழுந்து வருவார்கள். முதல் முறை இதைப் பார்த்தபோது விடியற்காலை ஐந்தரை, வீட்டில் எல்லோரையும் எழுப்பினேன். யாரும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை.

வரிசை மாறாமல் செய்யுங்கள். ஓரங்களை வெட்டுங்கள். பின்னணிச் சாய்வை நீக்குங்கள். ஊர் வெளிச்சம் படத்தின் ஒரு மூலையை ஆரஞ்சாக்கியிருக்கும், பின்னணியை அளக்க மென்பொருள் கேட்கும் மாதிரிப் புள்ளிகளைக் கேலக்ஸியின் மேலோ அதன் மங்கலான சுற்றுப்புறத்திலோ வைக்காதீர்கள். பிறகு நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு நிறத்தைச் சரிசெய்யும் கருவி. அதன் பிறகுதான் ஸ்ட்ரெட்ச். ஒரே இழுவையில் இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, கேலக்ஸிகளின் மையம் வெளுக்காதபடி. கடைசியில் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் நிறச்செறிவு, கொஞ்சம் இரைச்சல் குறைப்பு.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வானத்தை முழுக்கறுப்பாக்குகிறார்கள். அப்படிச் செய்தால் கேலக்ஸியின் வெளிக்கைகளும் சேர்ந்து போய்விடும். வானம் கரும்சாம்பலாக இருக்கட்டும். இல்லாத நுணுக்கத்தை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கூர்மையாக்கிகளை நான் தொடுவதில்லை. அது என் படம் இல்லை என்று தோன்றுகிறது.

சரியாக வந்திருந்தால் என்ன தெரியும்? எம்65 அமைதியானது, வழவழப்பான நீள்வட்டம். எம்66இன் கைகள் ஒரு பக்கம் இழுபட்டுக் கோணலாக இருக்கும், பக்கத்து கேலக்ஸிகளின் ஈர்ப்பு செய்த வேலை. நடுப்பகுதி மஞ்சள், வயதான நட்சத்திரங்கள்; கைகள் நீலம், புதிதாகப் பிறந்தவை; அங்கங்கே இளஞ்சிவப்புப் புள்ளிகள் நட்சத்திரம் பிறக்கும் வாயு மேகங்கள். இந்த இரண்டையும் சார்ல் மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலாளர் 1780இல் பட்டியலிட்டார், எம் என்ற எழுத்து அவர் பெயர்தான். அவர் விட்டுவிட்ட என்ஜிசி 3628ஐ நாலு வருஷம் கழித்து வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அது விளிம்பு நம்மைப் பார்க்கத் திரும்பியது, நடுவே கறுப்புத் தூசிப் பட்டை, இரண்டு முனையும் விசிறி போல விரிந்திருக்கும். இந்த வெளிச்சம் சுமார் மூன்றரைக் கோடி வருஷத்துக்கு முன் கிளம்பியது.

என்ஜிசி 3628க்கு ஒரு வால் உண்டு. கேலக்ஸிகள் உரசிக்கொண்டபோது பிய்ந்து வந்த நட்சத்திரங்களின் நீண்ட ஓடை, சுமார் மூன்று லட்சம் ஒளியாண்டு நீளம், கிழக்குப் பக்கம். மிக மங்கல். ரா படங்களை அழிக்காமல் வைத்திருந்தால் ஒவ்வொரு வருஷத்துப் படங்களையும் பழையதோடு கூட்டிக்கொண்டே போகலாம், கேமராவும் டெலஸ்கோப்பும் மாறாத வரை இன்னும் சுலபம். நான் இரண்டு பங்குனியில் ஏழு மணி நேரம் சேர்த்திருக்கிறேன். வாலின் அடி ஒரு புகை போலத் தெரிகிறதா, இல்லை நான்தான் கற்பனை செய்கிறேனா என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. வரும் மாசி அமாவாசைக்கு பெரியவர் நிலத்திலேயே இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.